துரையின் பின்னங்கால்

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளை நாய்க்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளிடம் நாய் கிடையாது. நாய் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவள் அறையில் இடமும் கிடையாது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவரோரம் ஒரு டிரங்குப் பெட்டி. கட்டிலில் கிடக்கும் கணவர் காலை நீட்டினால் கதவை முழுசாகத் திறக்க முடியாது. நாய் இருந்தது காண்ட்ராக்டர் வீட்டில். அதன் பின்னங்காலில் சதை வளர்த்துக் கொடுப்பதுதான் அவள் வேலை.

இப்படியும் ஒரு வேலையா என்று சிரிப்பவர்கள், அது அவளுக்குக் கிடைத்த விதத்தைக் கேட்டால் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள்.

அவளுடைய கணவர் சாரம் கட்டுகிறவர். கட்டடம் எழும்பும்போது அதைச் சுற்றிக் கம்பு நட்டு, குறுக்கே கட்டி, பலகை போட்டு, மற்றவர்கள் நின்று வேலை பார்க்க அந்தரத்தில் இடம் உண்டாக்குகிறவர். கட்டடம் முடிந்ததும் முதலில் அவிழ்த்துக் கீழே போடப்படுவது அவர் கட்டியதுதான். மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில், அந்தக் காண்ட்ராக்டரின் வேலையிடத்தில், இடுப்பில் மாட்டக் கயிறு இல்லாமலே ஏறச் சொன்னார்கள். ஏறினார். பலகை வழுக்கியது. இடது தொடை எலும்பு முறிந்தது.

“தலையெழுத்து” என்றார்கள் பக்கத்து அறைக்காரர்கள். இடுப்புக் கயிறு வாங்கிப் போடாத மனிதருக்கு ஒரு முகவரி இருக்கிறது. அவர் வாசலில் இரண்டு கார் நிற்கிறது. அவரை எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஆளை விட்டுவிட்டு, யாரும் பார்த்திராத ஓர் எழுத்தின் மேல் பழியைப் போடுவதில் ஏழைகளுக்கு என்ன ஆறுதலோ எனக்குப் புரியவில்லை. அதனால் பணக்காரர்களுக்கு என்ன லாபம் என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது.

இலவச ஆஸ்பத்திரியில் தொடையைத் திறந்து, உலோகத் தகடு வைத்து, திருகாணி முடுக்கி, தைத்து அனுப்பினார்கள். அவருக்குத் துணையாக வார்டு வராந்தாவிலேயே கிடந்ததில், தையல் கம்பெனியில் அவள் பார்த்துவந்த காஜா எடுக்கும் வேலை போய்விட்டது. காண்ட்ராக்டரிடம் போய் நின்றாள்.

“நஷ்டஈடு, கேஸுன்னு அலைஞ்சா வக்கீல் வயிறுதாம்மா நிறையும்” என்றார் அவர். “நான் என்ன உங்களைக் கைவிட்டுடவா போறேன்? என் வீட்லயே வேலை இருக்கு. வா.”

நாய் காரிலிருந்து குதித்ததில் வலது பின்னங்கால் முட்டியின் உள்ளே இருக்கும் தசைநார் அறுந்திருந்தது. அதற்கும் அறுவை சிகிச்சை. எலும்பை வெட்டித் திருப்பி வைத்து, அதற்கும் தகடு. காலைத் தூக்கியபடியே மாதக்கணக்கில் மூன்று காலில் நொண்டியதில் தொடைச் சதை கரைந்து, எலும்பின் மேல் தோலைப் போர்த்தியது போல் ஆகிவிட்டது. வீட்டில் அதற்கு வைத்திருந்த பெயர் அவள் வாயில் நுழையவில்லை. அவள் ‘துரை’ என்றாள். நாய் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பெரிய வீட்டில் அவள் சொன்னதற்கு முதலில் திரும்பிப் பார்த்தது அதுதான்.

வாரம் ஒருமுறை ஒரு பெண் வருவாள். மிருகங்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் டாக்டர். சின்ன வயசு, கெட்டிக்காரி, அகங்காரம் இல்லாதவள். பளிங்குத் தரையில் நாய்க்குக் கால் வழுக்கும் என்று கூடம் முழுக்க ரப்பர் விரிப்புப் போடச் சொன்னாள். மறுநாளே போட்டார்கள். பிறகு தரையில் உட்கார்ந்து அவளுக்குப் பாடம் எடுத்தாள்.

“சுவரை ஒட்டி உட்கார வைங்க அக்கா. அப்பதான் கெட்ட காலை வெளியே தள்ளி ஏமாத்தாது. மெதுவா எழுந்திருக்க வைங்க. மறுபடி உட்காரட்டும். இதுதான் தொடைக்கு உரம். நடக்கறப்ப வேகம் வேண்டாம். வேகமாப் போனா மூணு காலை வச்சு சமாளிச்சிடும். மெதுவாப் போனாத்தான் நாலாவது காலை ஊனும்.”

“ஏமாத்துமா டாக்டரம்மா?”

“பின்ன? மனுஷங்ககிட்டதானே வளருது.”

இடுப்பின் இரண்டு பக்கமும் கை வைத்து மெல்ல ஆட்டி, பாரத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றுவது. நல்ல காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, மெலிந்த காலைத் தாங்க வைப்பது. தரையில் கழிகளை இடைவெளி விட்டுப் போட்டு ஒவ்வொன்றாகத் தாண்ட வைப்பது. முன்னங்காலை மெத்தை மேல் ஏற்றி நிற்க வைப்பது. தோட்டத்து மேட்டில் மெதுவாக ஏற்றுவது. எல்லாம் கற்றுக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக டாக்டர் ஒன்றைச் சொன்னாள்.

“இது வாயைத் திறந்து சொல்லாது அக்கா. அதனால கேட்காதீங்க, பாருங்க. உதட்டை நக்குதா, தூக்கம் வராதப்ப கொட்டாவி விடுதா, தலையைத் திருப்பித் தன் காலையே பாக்குதா? வலிக்குதுன்னு அர்த்தம். அந்த இடத்துலயே நிறுத்திடணும். மறுநாள் பாத்துக்கலாம்.”

துரையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, கொட்டாவியில் தூக்கம் எது, வலி எது என்று பிரிக்க அவளுக்குப் பழகிவிட்டது. அது உதட்டை நக்கினால் உடனே கழியை எடுத்துவிடுவாள். கூடத்து ஜன்னல் கண்ணாடியில் நாயின் கால் எலும்புப் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. மாதம் ஒன்று. தகடு எப்படி இருக்கிறது, எலும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் வெளிச்சத்தில் காட்டுவாள்.

அவள் கணவரின் காலைப் படம் எடுக்க ஒருமுறை போனார்கள். அறை இருந்தது மூன்றாம் மாடி. படி குறுகல், கைப்பிடி பாதிவரைதான். அவரோடு சாரத்தில் வேலை செய்யும் ஆட்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நாற்காலியில் வைத்துக் கட்டித் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் மத்தியானம்வரை உட்கார வைத்துவிட்டு, மெஷின் பழுது, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். மறுபடி நாற்காலி, மறுபடி படி. அடுத்த மாதம் அவர்களைக் கூப்பிட அவருக்கு மனசு வரவில்லை.

அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கழிப்பறை கீழே, முற்றத்துக் கோடியில் இருந்தது. அறையில் அவர் தட்டில்தான் மலம் கழிப்பார். அவள் அதைத் துணி போட்டு மூடி, மூன்று மாடியும் இறங்கி, குழாயடியில் நிற்பவர்களைத் தாண்டிக் கொண்டுபோவாள். வழிவிடுபவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வழிவிடுவார்கள்.

“சாரம் ஏற வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்பார் அவர். “நானே இறங்கிப் போயி, கதவைச் சாத்திக்கிட்டு உட்காரணும். அது ஒண்ணு போதும்டி எனக்கு.”

பல மாடி உயரத்தில் கையை விட்டுவிட்டு நடந்த மனிதர் கேட்ட வரம் இது. கேட்டது கடவுளிடம் இல்லை, மனைவியிடம். கொடுக்கக்கூடியவளிடம் கேட்டார் என்பதாவது மிச்சம்.

அவள் ஒரு நாள் டாக்டரிடம் கேட்டாள். “இதையெல்லாம் மனுஷனுக்கும் செய்யலாமா?”

டாக்டர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் துரையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். “அசையாமக் கிடந்தா சதை கரையும். அதுல நாய் என்ன, மனுஷன் என்ன. ஆனா உள்ளே தகடு எப்படி இருக்குன்னு தெரியாம பாரம் குடுக்கறது தப்பு அக்கா. நான் மனுஷ டாக்டர் இல்ல. எப்படியாவது படம் எடுத்துடுங்க.”

நல்ல பதில்தான். ‘எப்படியாவது’ என்ற சொல்லில்தான் மூன்று மாடிப் படியும் பழுதான மெஷினும் இருந்தன. அதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் முன் அவள் கணவரைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தினாள்.

“எழுந்திருங்க. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்குங்க. மெதுவா.”

அவர் எழுந்தார். உடம்பு முழுக்க நடுங்கியது.

“உட்காருங்க.”

உட்கார்ந்தார்.

“மறுபடி எழுந்திருங்க.”

“லொள்” என்றார்.

“விளையாடாதீங்க.”

“துரைக்கு எழுந்தா பிஸ்கட்டு, உட்கார்ந்தா பிஸ்கட்டுன்னு சொன்னியே. என் பிஸ்கட் எங்கடி?”

விழுந்ததற்குப் பிறகு அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். பக்கத்து அறைக்காரி வாசலில் எட்டிப் பார்த்தாள். “நாய்க்காரம்மா, பாத்து! உன் புருஷனுக்கு வால் முளைச்சிடப் போவுது.”

“முளைச்சா உங்க வாசல்ல வந்துதான் ஆட்டுவேன்!” என்று உள்ளேயிருந்து கத்தினார்.

அதற்குப் பிறகு தினமும் நடந்தது. அவள் தையல் டேப்பால் அவர் தொடையை அளந்து பார்ப்பாள். துரையின் தொடையை அளந்த அதே டேப். துடைப்பக் கட்டையைச் செங்கல் மேல் வைத்து அவரைத் தாண்ட வைத்தாள். இடுப்பைப் பிடித்து ஆட்டினாள். “கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இப்படிப் பிடிக்கலையே” என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நல்ல காலைத் தூக்கி, மெலிந்த காலில் நின்றார். டேப்பில் கோடு நகர்ந்தது. அவர் கதவுவரை போனார். ஒரு நாள் வராந்தாவில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவள் வேலைக்கு ஓடினாள் என்றே சொல்ல வேண்டும்.

காண்ட்ராக்டர் வீட்டில் துரையும் மேடேறிக்கொண்டிருந்தது. அதன் காலில் சதை ஏற ஏற, அவள் வேலை தேய்ந்துகொண்டே வந்தது. உலகத்தில் எந்த வேலைக்காரருக்கும் இது புதிதில்லை. நன்றாகச் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும், முடிந்துவிட்டால் வீட்டுக்குப் போ. ஆனாலும் அவள் ஒரு நாளும் துரையின் காலை வேண்டுமென்று தாமதப்படுத்தவில்லை. அந்த வீட்டம்மா ஒரு நாள், “ரொம்ப நல்லா நடக்குது. இந்த மாசத்தோட போதும்” என்றாள்.

அதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு நினைத்தாள். அன்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அவருக்கு அவசரம் வந்துவிட்டது. எழுந்து உட்காரச் சொன்னால் அவள் நிறுத்தச் சொன்ன பிறகும் எழுந்தார். படி இறங்கிப் பார்க்கலாம் என்று அவரே ஆரம்பித்தார். அவளுக்குப் பயம். ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“நிஜமா?”

“இல்லன்னா இல்லடி.”

சாரத்தில் வலி என்ற சொல்லே கிடையாது. அதைச் சொல்லாமல் இருக்க அவர்கள் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. வேலையிடம் கற்றுக்கொடுத்தது. தோள் வலிக்கிறது என்றோ, தலை சுற்றுகிறது என்றோ மேலே நிற்பவன் சொன்னால், மேஸ்திரி “இறங்கு” என்பார். இறங்கினால் அன்றைய வேலை போயிற்று. மறுநாள் அந்தப் பலகையில் வேறொருவன் நிற்பான். அதனால் வாய் தானாக ‘இல்ல’ என்று சொல்லப் பழகிவிடும். கம்பு நழுவிக் கட்டை விரல் நசுங்கியவனும் ‘இல்ல’ என்றுதான் சொல்வான். இதை வீரம் என்று மெச்சுகிறவர்கள் உண்டு. அது கூலி கொடுப்பவருக்குச் சௌகரியம். சௌகரியத்துக்கு வீரம் என்று பெயர் வைத்தவர் நிச்சயம் சாரம் ஏறியவராக இருக்க மாட்டார்.

அவளும் அந்த ‘இல்ல’வை நம்பினாள். துரையிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பார்த்தாள். கணவருக்கு வாய் இருந்தது, பேச்சு இருந்தது. அதனால் கேட்டாள். கேட்டதற்குப் பதில் வந்தது, அதனால் பார்க்கவில்லை. படியருகில் நிற்கும்போது அவர் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். வெயில் என்று நினைத்தாள். காலை வேளையில் பெரிதாகக் கொட்டாவி விட்டார். தூங்கவில்லை போல என்று நினைத்தாள். துரை செய்திருந்தால் கழியைத் தூக்கி எறிந்திருப்பாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கட்டடத்தில் குடியிருப்பவர்கள் வராந்தாவில் நின்று பார்த்தார்கள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, மெலிந்த காலைப் பக்கத்தில் கொண்டுவந்து இறங்கினார். ஒரு மாடி இறங்கியாயிற்று. கீழே முற்றமும் கழிப்பறையின் தகரக் கதவும் தெரிந்தன. “கதவைத் திறந்து வைங்கப்பா, துரை வர்றாரு” என்று யாரோ கத்தினார்கள். அவரும் சிரித்தார். கைப்பிடி முடியும் இடத்தில் சுவரில் கை வைத்தார்.

அங்கே நின்றார். பிறகு மெதுவாக, யாரோ தோளை அழுத்தி உட்கார வைத்தது போல, படியிலேயே உட்கார்ந்தார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. தொடை வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

அவள் ஓடிப்போய், “வலிக்குதா?” என்றாள். பழக்கம்.

“இல்ல” என்றார். முகம் சாம்பலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மெஷின் சரியாகியிருந்தது. படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எலும்பு டாக்டர் கேட்டார். “இந்தத் திருகாணி இன்னிக்கு உடைஞ்சது இல்லம்மா. ஒண்ணு பின்னாடி ஒண்ணாப் போயிருக்கு. கடைசியாத்தான் தகடு. எலும்பு சேரவே இல்ல. வலி உயிரை வாங்கியிருக்குமே, உங்ககிட்ட சொல்லலையா?”

அவள் படத்தைப் பார்த்தாள். காண்ட்ராக்டர் வீட்டு ஜன்னலில் பார்த்த படங்கள் போலவேதான் இருந்தது. வெள்ளைக் கோடு, வெள்ளைத் திருகாணிகள். அதில் எது கெட்டது என்று அவளுக்கே தெரிந்தது.

மறுபடி அறுத்தார்கள். எலும்பில் கெட்டுப்போன பகுதியை எடுத்ததில் கால் குட்டையாயிற்று. முட்டி மடங்கவில்லை. இந்தமுறை படி ஏற்றிக் கொண்டுவந்தபோது அவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தட்டும் துணியும் திரும்ப வந்தன.

துரையின் வேலை அதற்குள் முடிந்திருந்தது. இருந்தாலும் ஒரு நாள் அவள் காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போனாள். தோட்டத்தில் அவர் இரண்டு விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தார். இவள் வாசல் தாண்டி உள்ளே கால் வைத்ததும் துரை மேட்டிலிருந்து பாய்ந்து வந்தது. நாலு காலில் வந்தது. கிட்டே வந்ததும் பின்னங்கால் இரண்டில் எழும்பி, முன்னங்கால்களை அவள் தோள்மேல் போட்டு முகத்தை நக்கியது. அந்தப் பாரத்தில் அவள் ஒரு அடி பின்வாங்கினாள். கை தானாக அதன் வலது தொடைக்குப் போயிற்று. சதை கல் மாதிரி இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளை அறுத்தது.

“பாத்தீங்களா?” என்றார் காண்ட்ராக்டர் விருந்தாளிகளிடம். “கால் செத்துப்போச்சுன்னாங்க. எல்லாம் இந்தம்மா கைவண்ணம்.”

“ஐயா, அவர் காலு மறுபடி போயிடுச்சு” என்றாள் அவள், நாயைத் தோளில் தாங்கியபடியே. “ஏதாவது பண்ணணும்.”

“கேள்விப்பட்டேம்மா. பாவம். அதுக்குத்தான் உனக்கு வேலை குடுத்தேனே.”

“வேலைக்குக் கூலி குடுத்தீங்க. காலுக்கு என்ன குடுத்தீங்க?”

விருந்தாளிகளில் ஒருவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். காண்ட்ராக்டர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார், நாயைப் பிடித்துக் கட்டச் சொல்லி. அவளை எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நாயைப் பிடித்த பிறகு அவள் அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று.

அந்த வாரக் கடைசியில் சாரத்து ஆட்கள் மூன்று பேர் அவரைப் பார்க்க வந்தார்கள். ஒருவன் டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்தான். மற்ற இருவரும் கதவோரம் நின்றார்கள். வேலையிடத்துக் கதைகளைச் சொன்னார்கள். மேஸ்திரி கலவை வாளிக்குள் கால் விட்டதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

“இப்ப எப்படிண்ணே இருக்கு?” என்றான் பெட்டியில் உட்கார்ந்தவன்.

“ஒண்ணும் இல்லடா. நல்லாத்தான்...”

அடுப்படியில் இருந்த அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் உதட்டை நக்கிக்கொண்டார்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி அப்படிப் பாக்குற?”

அவள் பார்வையை எடுக்கவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கேயும் கொஞ்ச நேரம்தான் பார்க்க முடிந்தது.

“வலிக்குதுடா” என்றார். “முதல்லேர்ந்தே வலிச்சுது. படி இறங்கறதுக்கு முன்னாடியே. சாரத்துலேர்ந்து விழறதுக்கு முன்னாடிகூட முதுகு வலிச்சுது. யார்கிட்டயும் சொல்லல.”

வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பெரியவர்கள் முன்னால் சொல்லக் கூடாத கெட்ட வார்த்தையை யாரோ சொல்லிவிட்டது போல் இருந்தது அந்த அறை.

“நாளைக்குக் கயிறு இல்லாம ஏறச் சொன்னா என்னடா செய்வீங்க?” என்று கேட்டார் அவர்.

கதவோரம் நின்றவர்களில் ஒருவன் சட்டைப் பையில் எதையோ தேடினான். மற்றவன் கிளம்பலாம் என்பதுபோல் அசைந்தான். பெட்டியில் உட்கார்ந்திருந்தவன் மட்டும் அசையவில்லை. யாரையும் பார்க்காமல் சொன்னான்.

“எனக்கு இந்தத் தோளு, அண்ணே. கையைத் தலைக்கு மேல தூக்க முடியல. போன மழையிலேர்ந்து.”

“போன மழையிலேர்ந்தா? அந்தத் தோளை வச்சுக்கிட்டாடா என்னை நாற்காலியோட தூக்குன?”

“அன்னிக்கு யாரு என்னைக் கேட்டாங்க?”

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

“சட்டையைக் கழட்டு தம்பி” என்றாள்.

அவன் கூச்சத்தோடு கழற்றினான். அவள் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், தோளில் கை வைத்தாள்.